குழாயில் தண்ணீர் நிரம்பினால்தான் படகு ஓடும்

போன வருடம் மாசியில் எங்கள் தொடர்மாடியின் மேல்வீட்டுக் குடும்பம் கனடாவுக்குப் போவதற்காக வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இது அடிக்கடி பார்க்கிற காட்சிதான். கட்டிலும் அலுமாரியும் உறவுக்காரருக்குப் போகும், குசினிச் சாமான் வேலைக்கு வருகிற அம்மாவுக்குப் போகும், மிச்சமெல்லாம் போத்தல் பேப்பர்காரரின் சாக்குக்குள் போகும். அன்று அவர் தராசோடு படிக்கட்டில் நின்றபோது நான் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மேல்வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு பெரிய பிஸ்கட் பேணி இருந்தது.

“ரீச்சர், இதுக்குள்ள ஏதும் உங்களுக்கு வேணுமோ? இல்லாட்டி இவரிட்டையே குடுத்திடுறன். என்ர மனுசனுக்கு அவற்ற அப்பா சின்னனில வாங்கிக் குடுத்ததாம். எல்லாம் பழுதாப்போன சாமான்.”

மூடியைத் திறந்து பார்த்தேன். தாளம் தட்டும் குரங்கு ஒன்று, அமுக்கினால் ‘டிக் டிக்’ என்கிற தகரத் தவளை, வட்டமான படச் சில்லுகள் நாலு, எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளங்கை நீளத்தில் சிவப்பும் நீலமும் பூசிய ஒரு தகரப் படகு. பின்பக்கம் இரண்டு மெல்லிய குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. “படகை அவர் ரெண்டு தரம் மெழுகுதிரி வைச்சுப் பார்த்தவர் ரீச்சர், அசையவே இல்லை” என்றாள்.

குழாயில் தண்ணீர் நிரப்பினீர்களா என்று கேட்டேன். அவள் விழித்தாள். அந்த ஒரு விஷயம்தான் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

குளியலறையில் பெரிய பேசினில் தண்ணீர் பிடித்தோம். அவளுடைய எட்டு வயது மகனும் பின்னால் வந்து குந்தினான். பாமசியில் வாங்கிய ஐந்து மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். அதால் ஒரு குழாய் வழியே மெதுவாகத் தண்ணீரைச் செலுத்தினேன். மற்றக் குழாயால் முதலில் காற்றுக் குமிழி வந்தது, அப்புறம் தண்ணீர் கசிந்தது. இரண்டு குழாய்களையும் விரலால் பொத்திக்கொண்டு படகைத் தண்ணீரில் இறக்கி, குழாய் வாய்கள் தண்ணீருக்குள் அமிழ்ந்த பிறகுதான் விரலை எடுத்தேன். சாமி அறையிலிருந்து கொண்டுவந்த ஒரு துளித் திரியைத் தேங்காயெண்ணெயில் நனைத்து, படகோடு வந்த சின்னத் தகரக் கரண்டியில் வைத்துப் பற்றவைத்து உள்ளே தள்ளினேன். இருபது எண்ணும் வரை ஒன்றுமில்லை. பையன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு படகு ஒருமுறை நடுங்கியது. டுப். இன்னொரு டுப். அதன்பின் டுப்டுப்டுப்டுப் என்று பேசினைச் சுற்றத் தொடங்கிவிட்டது. வாசலில் நின்ற போத்தல்காரரும் தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். இந்தப் படகைப் போல ஒரு நல்ல பாட உபகரணத்தை நான் கண்டதில்லை. உள்ளே எஞ்சின் இல்லை, சில்லு இல்லை, அசைகிற துண்டென்று சொல்ல மேலே ஒரு மெல்லிய தகடு மட்டும். தட்டையான சின்னப் பெட்டிக்குள் இருக்கிற தண்ணீர் சூட்டில் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குழாய்க்குள் வந்த ஆவி குளிர்ந்து ஒடுங்க, வெளித் தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. தகடு உப்பி வற்றுவதுதான் அந்த டுப்டுப் சத்தம். “தள்ளுவதும் இழுப்பதும் சமம் என்றால் படகு நின்ற இடத்திலேயே அல்லவா ஆட வேண்டும்?” என்று வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். அதற்கு நான் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில் கொடுப்பேன். ஊதி அணை, சரி. இப்போது உறிஞ்சி அணை பார்க்கலாம். ஊதும்போது காற்று ஒரே திசையில் பாய்கிறது, உறிஞ்சும்போது நாலு பக்கத்தாலும் வருகிறது. தண்ணீரும் அப்படித்தான். தொமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை எடுத்தார். நூற்று முப்பது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

அதனால் இந்தப் படகு யார் கையிலாவது இருந்தால் சொல்கிறேன்: குழாயில் தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் நெருப்பு வைக்காதீர்கள். வெறும் பெட்டி சூடேறினால் ஈயப்பற்று இளகிவிடும், பிறகு ஓட்டை. மேல்வீட்டுக்காரரின் படகு இரண்டு தடவை அப்படிச் சுடப்பட்டும் தப்பியது அதிர்ஷ்டம். ஓடி முடிந்ததும் குழாயில் ஊதித் தண்ணீரை வெளியேற்றி, துடைத்து, காற்றாட வைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். பிறந்தநாள் கேக்கில் குத்துகிற சின்ன மெழுகுதிரியை இரண்டாக வெட்டினாலும் போதும், ஆனால் எண்ணெய்த் திரியின் சீரான சூட்டுக்கு அது ஈடாகாது. நெருப்புச் சாமான் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

என் முதல் படகு ஆடிவேல் திருவிழாவில் வாங்கியது. செட்டியார் தெருவிலிருந்து வேல் ரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே வரும்போது, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வீதியின் இரண்டு கரையிலும் கடை போடுவார்கள். கரும்பு, பேரீச்சம்பழம், தும்பு முட்டாசு, கண்ணாடிக் காப்பு, அப்புறம் விளையாட்டுச் சாமான். நான் 1967இல் பிறந்தவள். என் ஐந்து, ஆறு வயதில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காலம், கடையில் பொம்மை என்று ஒன்றையும் காண முடியாது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேல்தான் எங்களுக்கு விளையாட்டுக் கடை. கயிறு கட்டி இழுத்தால் இரண்டு குச்சி மாறி மாறிக் களிமண் பறையில் தட்டுகிற வண்டி, முறுக்கின தகர நாடாவில் வளையத்தை மேலே தள்ளினால் சுழன்று பறக்கிற காத்தாடி, வாலைப் பிடித்தால் நெளிகிற மரப்பாம்பு. அம்மம்மா கையில் பிடித்திருந்த சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணித் தருவா. பறை வண்டி வீட்டுக்கு வந்து சேரும் முன்னமே கடதாசி கிழிந்துவிடும். அது பரவாயில்லை, அன்றைக்குள் கிழிவதற்கென்றே செய்த சாமான் அது.

கடையில் இல்லாததை நாங்களே செய்துகொண்டோம். அண்ணாவுடைய படப்பெட்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எரிந்துபோன மின்குமிழின் அடிப்பக்கத்துக் கறுப்புக் கண்ணாடியைக் கொம்பாசு முனையால் மெதுவாகக் குத்தி உடைத்து, உள்ளே இருக்கிற கம்பியையும் தண்டையும் வெளியே எடுத்து, குமிழுக்குள் தண்ணீர் நிரப்புவார். அது ஒரு வில்லை. தியேட்டரில் படம் ஓட்டுகிற பெடியன் ஒருவனிடம் அறுந்த பிலிம் துண்டுகளை வாங்கி வைத்திருந்தார். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, பிலிமைத் தலைகீழாகச் செருகி, குமிழை முன்னால் வைத்து, யன்னல் கதவுகளைச் சாத்துவோம். ஒழுங்கையில் வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிற்பது என் வேலை. கண்ணாடியை அசைத்து அசைத்து வெளிச்சத்தை யன்னல் இடுக்கு வழியே பெட்டிக்குள் விழுத்த வேண்டும். வெயில் நகர நகர நானும் நகர வேண்டும். உள்ளே சுவரில் எம்.ஜி.ஆரின் முகம் ஒரு வேட்டியளவில் வருமாம். கூச்சல் மட்டும்தான் எனக்குக் கேட்கும். என் முறை வந்து உள்ளே போய்ப் பார்த்தபோது அண்ணா வெளியே கண்ணாடியைப் பிடித்திருந்தார். படம் நடுங்கிக்கொண்டே இருந்தது, ஓரமெல்லாம் வானவில். அந்த நிறம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது வீடுகளில் கழற்றி வைத்திருக்கிற சுருள் குழாய் பல்புகளுக்குள் பாதரசம் இருக்கிறது. அவற்றை உடைக்கவே கூடாது. பழைய கம்பிக் குமிழ் கிடைத்தாலும் அதன் கண்ணாடி மெல்லியது, விரலை அறுக்கும். உருண்டையான சின்ன பிளாஸ்ரிக் போத்தலோ ஒரு பூதக் கண்ணாடியோ அதே வேலையைச் செய்யும். இன்னொன்று, தண்ணீர் நிரப்பிய குமிழை வெயில் படுகிற யன்னலில் மறந்து வைத்துவிடாதீர்கள். ஒருமுறை அண்ணா வைத்துவிட்டுப் போய், யன்னல் சீலையில் ஐந்து சதக் குற்றியளவு கருகல் விழுந்தது. அம்மா நல்லவேளையாகப் புகை மணத்தைப் பிடித்துவிட்டா.

1977இல் அரசாங்கம் மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. எனக்கு அப்போது பத்து வயது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் புறக்கோட்டை குறுக்குத் தெருக்களின் நடைபாதையில் நாங்கள் கனவிலும் காணாத சாமான்கள் வந்து குவிந்தன. நூலில் தொங்கும் இரண்டு கெட்டிப் பந்துகளை மேலும் கீழுமாக மோதவிட்டு ‘டக்கடக்கடக்’ என்று அடிக்கிற ஒன்று வந்தது. ஒழுங்கை முழுக்க அந்தச் சத்தம்தான், எல்லாப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் நீலக் கண்டல். அமெரிக்காவில் 70களின் தொடக்கத்திலேயே பந்து சிதறிக் கண்ணில் படுகிறது என்று அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்பதை நான் ஆசிரியையான பிறகுதான் அறிந்தேன். 2022 முடிவில் இந்தோனேசியாவில் அதே சாமான் ‘லத்தோ லத்தோ’ என்ற பெயரில் திரும்ப எழும்பி, தெருவெங்கும் பிள்ளைகள் அடித்தார்கள். பழைய காலத்துக் கண்ணாடி போன்ற கெட்டிப் பந்து யாரிடமாவது இருந்தால் அதைப் பார்வைக்கு வைக்கலாம், அடித்து விளையாட வேண்டாம். மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் அப்பா வாங்கி வந்ததில் எனக்கு உயிர், தண்ணீர் குடிக்கிற பறவை. கண்ணாடி உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, உள்ளே சிவப்புத் திரவம். முன்னால் ஒரு கிளாசில் தண்ணீர் வைத்து அதன் சொண்டை ஒருமுறை நனைத்துவிட்டால் தானாகவே குனிந்து குடிக்கும், நிமிரும், ஆடும், மறுபடி குனியும். மைல்ஸ் சலிவன் என்ற அமெரிக்கர் 1946இல் காப்புரிமை பெற்றது இது. அப்பா அதை மேசையில் வைத்து ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. வெளியே மழை இருட்டு. அப்பா ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். கடைக்கார நானா ஒரு வார்த்தை பேசவில்லை, மேசை ஃபானைப் பறவையின் பக்கம் திருப்பினார். அது குடிக்கத் தொடங்கிவிட்டது. “தம்பி, இது காத்துக்குத்தான் குடிக்கும், தாகத்துக்கு இல்ல” என்றாராம்.

நானா சொன்னதில் முழு பௌதிகமும் இருக்கிறது. நனைந்த தலையிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது தலை குளிர்கிறது. தலைக்குள் இருக்கிற ஆவி ஒடுங்க, வயிற்றிலிருந்து திரவம் மேலே ஏறித் தலை கனத்துக் குனிகிறது. கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரம், மழை நாளில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகாவிட்டால் பறவை சும்மா நிற்கும். அதனால் கொழும்பில் இதை வாங்கி ‘பழுது’ என்று எறிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வகுப்பில் நான் கிளாசில் தண்ணீருக்குப் பதில் சத்திர சிகிச்சை ஸ்பிரிட்டை வைத்துக் காட்டுவேன், மழையென்றாலும் விறுவிறு என்று குடிக்கும். அப்போது பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. தலையில் ஒட்டியிருக்கிற சீலைப் பூச்சு உப்புப் பிடித்து இறுகினால் தண்ணீர் ஏறாது, கொதித்தாறின தண்ணீரில் நனைத்து மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தால் மறுபடி உறிஞ்சும்.

ஆனால் இந்தப் பறவையைச் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது. உள்ளே இருப்பது வண்ணத் தண்ணீர் அல்ல, டைகுளோரோமெதேன் என்ற திரவம். ஏறக்குறைய 40 பாகையிலேயே கொதித்துவிடும், அதன் ஆவி நச்சு. உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு, காற்று நன்றாகப் போன பிறகு கையுறையோடுதான் கண்ணாடியைப் பொறுக்க வேண்டும். என்னுடைய இரண்டாவது பறவை வகுப்பு மேசையிலிருந்து விழுந்தது. அன்று யன்னல்கள் திறந்திருந்தன, எல்லோரையும் வெளியே நிறுத்தினேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அதை ஒரு தட்டத்துக்குள் வைத்துத்தான் ஓட்டுவேன்.

முதலாவது பறவைக்கு என்ன நடந்தது என்று வாசிக்கிறவர்கள் கேட்கக் கூடும். 83 யூலையில் எங்கள் வீடு எரிந்தது. பறவை, அண்ணாவின் சப்பாத்துப் பெட்டி, அம்மம்மாவின் றங்குப் பெட்டி, எல்லாம். இரண்டு கிழமை அகதி முகாமில் இருந்துவிட்டு வந்து பார்த்தபோது சுவர் மட்டும் நின்றது.

அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது ஒரேயொரு சாமான். லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்த வியூ மாஸ்டர், படச் சில்லைச் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கிற பெட்டி. அதை நான் அதற்கு முந்தின கிழமை ஒழுங்கை முடிவில் இருந்த சிங்களச் சிநேகிதிக்குப் பார்க்கக் கொடுத்திருந்தேன். நாங்கள் திரும்பி வந்த அன்று பின்னேரம் அவள் அம்மாவோடு வந்து, ஒரு துவாயில் சுற்றி என் கையில் தந்தாள். ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளே சுவிற்சர்லாந்து மலைகளின் சில்லு ஒன்று அப்படியே இருந்தது. முகாமிலிருந்து வந்த எல்லோரும், அம்மம்மா உட்பட, எரிந்த வாசலில் நின்று முறைவைத்து அந்த மலைகளைப் பார்த்தோம். அம்மம்மா கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. “பனி கையில பிடிபடுமாப்போல கிடக்கு” என்றா.

வியூ மாஸ்டர் 1939இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு சில்லில் 14 சின்னப் பிலிம்கள், ஆனால் காட்சிகள் ஏழுதான். எதிரெதிரே இருக்கிற இரண்டு பிலிமும் ஒரே காட்சியை இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் சற்று வேறு கோணத்தில் காட்டும், மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உண்டாக்கிவிடும். பழைய சில்லுகள் கொடாக்குறோம் என்ற நிறப் பிலிமில் செய்தவை. என் சுவிஸ் மலை இன்றைக்கும் நீலமாகவே இருக்கிறது. பிந்தி வந்த சில்லுகள் பல முழுக்கச் சிவப்பாகிவிட்டன, அதைத் திருத்த வழியில்லை. பேணியில் கிடைத்த நாலு சில்லில் மூன்று அப்படித்தான். கொழும்பில் இதற்குப் பெரிய எதிரி பூஞ்சணம். விரலால் பிலிமைத் தொட்டால் அந்த ரேகையிலேயே பூஞ்சணம் பிடிக்கும். சில்லை ஓரத்தில் பிடித்து, தூசியை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, மருந்துப் போத்தலில் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு பேணியில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

90களில் யாழ்ப்பாணத்தில் இருந்த என் ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு மகன் பிறந்தான். அப்போது வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். குழந்தைக்கு ஏதும் அனுப்ப வேண்டும், பற்றரி இல்லாமல் ஓட வேண்டும். தேடித் தேடிப் புறக்கோட்டையில் ஒரு தகரக் கோழி வாங்கினேன். வயிற்றுப் பக்கத்தில் திறப்பை முறுக்கிவிட்டால் தரையைக் கொத்திக் கொத்திச் சுற்றி வரும். போகிற உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில், உள்ளே பற்றரி இருக்கிறதா என்று கோழியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பியின் கைக்குப் போனபோது கோழி இரண்டு பாதியாக இருந்தது. தையல் நூலால் கட்டித்தான் ஓடவிட்டார்கள். அந்தப் பையன் அதை ஏழு வயது வரை வைத்திருந்தானாம், நூல் மாற்றி மாற்றி.

அந்தக் கோழியிடம் நான் படித்தது இது. தகர விளையாட்டுச் சாமானில் ஆணி இருக்காது. ஒரு பாதியின் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும், அவற்றை மற்றப் பாதியின் துளையில் விட்டு மடக்கியிருப்பார்கள். அந்த நாக்கு இரண்டு மூன்று மடிப்புத்தான் தாங்கும், பிறகு ஒடிந்துவிடும். ஆகவே திறக்காமல் திருத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முக்கால்வாசிச் சாமான் உள்ளே பழுதாகியிருக்காது, எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும். திறப்பு வாய் வழியே தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் சும்மா வைத்து, அப்புறம் அரைச் சுற்று மட்டும் முறுக்குங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டி, இருந்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும். கடற்காற்று அடிக்கிற வீடென்றால் வெளித்தகரத்தையும் அந்த எண்ணெய் தொட்ட துணியால் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். திறந்தேதான் ஆக வேண்டுமென்றால் எத்தனை நாக்கு, எது எந்தப் பக்கம் மடிந்தது என்று கைபேசியில் படம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சுருள்வில்லு உடைந்திருந்தால் பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் அலைந்தால் ஒத்துவருகிற ஒன்று அகப்படலாம். எனக்கு இரண்டு தரம் அகப்பட்டிருக்கிறது.

இனி அந்தப் பேணிக் குரங்கு. யப்பானில் செய்த இந்த வகையைச் சிறுவயதில் ஒரு வீட்டில் பார்த்துப் பயந்து அழுதிருக்கிறேன். தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். தலையில் தட்டினால் கண் பிதுங்கி, பல்லை இளித்துக் கீச்சிடும். பிள்ளைகளுக்கு என்று யார் இதை நினைத்துச் செய்தார்களோ என்று அப்போது தோன்றியது, ஆனால் மேல்வீட்டுப் பையன் அதைத்தான் முதலில் தூக்கினான். பற்றரி அறையைத் திறந்தால் முழுக்க வெள்ளைப் பூ. பூத்த பற்றரியைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அல்கலைன் பற்றரியின் கசிவு காரம், பழைய சாதாரண பற்றரியின் கசிவு அமிலப் பக்கம். அல்கலைனுக்கு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும், பழையதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும். பிறகு தண்ணீர் தொட்ட துணி, பிறகு காய்ந்த துணி, கடைசியாகச் செப்புத் தகட்டை மணல் கடதாசியால் பளபளக்கும் வரை உரசல். கைக்கு றப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓடாத சாமானில் பற்றரியை விட்டு வைக்கவே கூடாது. இந்தக் குரங்கை ஓடவைக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

வண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவே 1978இல்தான் விளையாட்டுச் சாமானில் ஈயம் கலந்த வண்ணத்தைத் தடை செய்தது. அதற்கு முந்தின தகரச் சாமானில், அதிலும் உரிகிற மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே பழக வேண்டும். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது, தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், வண்ணத்தைச் சுரண்டவோ மணல் கடதாசி போடவோ கூடாது. எங்கள் காலத்துப் பெரியவர்கள் இதையெல்லாம் அறிந்திருக்கவில்லை. 1950இல் அமெரிக்காவில் கில்பேட் என்ற கொம்பனி பிள்ளைகளுக்கான அணு ஆய்வுப் பெட்டி ஒன்றையே விற்றது. உண்மையான யுரேனியத் தாதுத் துண்டுகளும் கதிர்வீச்சை அளக்கிற கைகர் கருவியும் அதற்குள் இருந்தன, விலை 49.50 டொலர். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பேணிச் சாமான் எல்லாம் ஓடத் தொடங்கியதும் மேல்வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். போத்தல்காரரின் தராசு வரைக்கும் போன பேணி, 23 கிலோப் பெட்டிக்குள் இடம் பிடித்துவிட்டது. இரண்டு சேலையை வெளியே எடுத்துவிட்டு அதை வைத்தாள் அந்தப் பிள்ளை. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு துண்டுக் கடதாசி எழுதினேன். படகுக்கு: முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. குரங்குக்கு: விளையாடி முடிந்ததும் பற்றரியைக் கழற்று. சில்லுகளுக்கு: ஓரத்தில் பிடி. தவளைக்கு எழுத அதிகம் இல்லை. 1944 யூனில் பிரான்ஸின் நோர்மண்டியில் பரசூட்டில் குதித்த அமெரிக்கப் படையினர் இருட்டில் ஒருவரையொருவர் அறிய இப்படியொரு ‘டிக் டிக்’ சாமானை வைத்திருந்தார்கள், ஒரு டிக்குக்கு இரண்டு டிக் பதில் என்று எழுதினேன். பையன் அதைத்தான் நாலு தரம் வாசித்தான். என் கையெழுத்து அவனுக்கு விளங்கியது எனக்கு நிம்மதி.

ஆனியில் ஒரு நாள் விடியப்புறம் தொலைபேசி அடித்தது. அங்கே பின்னேரம். “ரீச்சர் அன்ரி, தண்ணியும் விட்டனான், நெருப்பும் வைச்சனான், ரெண்டு டுப் சொல்லிப்போட்டு நிக்குது.” என்ன எண்ணெய் என்று கேட்டேன். அம்மா தேங்காயெண்ணெய்தான் வாங்கி வைத்திருக்கிறாவாம், ஆனால் போத்தலில் கட்டியாக இருக்கிறதாம், அதைத் திரியில் அப்பி வைத்தானாம். இப்படி ஒன்று நடக்கும் என்று கொழும்பில் இருந்த எனக்குத் தோன்றவே இல்லை. போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து எண்ணெய் உருகிய பிறகு திரியை நனைக்கச் சொன்னேன், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தொலைபேசியை வைக்காமல் இருந்தேன். அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம், தண்ணீர் சிந்துகிற சத்தம், தீக்குச்சி உரசுகிற சத்தம். அப்புறம் அது கேட்டது.

அன்று காலையே படகுக் குறிப்பின் பிரதியில் இன்னொரு வரி சேர்த்தேன்: குளிர் நாடென்றால் எண்ணெயை முதலில் உருக்கு.